மாப்பிள்ளை வாசல்ல நிக்காரு

ஏலே பேராண்டி, மொதல்ல அந்தப் பவர் பட்டன்ல இருந்து விரலை எடு. எடுங்கேன்லா!

ஒரு மவுசு அசையலைன்னதும் மொத்தப் பொட்டியையும் அமுக்கிக் கொன்னு, திரும்ப உசுரு குடுக்கியே, இதை எந்தக் காலேஜுல சொல்லிக் குடுத்தாவ? நீ எம்.சி.ஏ. படிச்ச பிள்ளை. நான் ஈபியில லைன்மேனா இருந்து, கம்பம் கம்பமா ஏறி எறங்கிப் பென்சன் வாங்குத பய. எனக்கு என்ன எழவு தெரியும்? வெத்தலைக்குச் சுண்ணாம்பு கூடிச்சா கொறைஞ்சுச்சான்னு தெரியும், அம்புட்டுதான். ஆனாலும் கண்ணு தெரியுதுல்லா. கடைக்கு வந்திருக்க அந்தம்மாவோட வாரிசுச் சான்று விண்ணப்பம் உள்ள பாதி அடிச்சு நிக்குது. நீ பட்டனை அமுக்கினா மவுசு வருதோ இல்லியோ, அந்தப் பாதி போயிரும். பெறகு அந்தம்மா திரும்பவும் "எங்க மாமனாரு பேரு…"ன்னு ஆரம்பிக்கும். அந்த மாமனாருக்கு ரேசன் கார்டுல ஒரு பேரு, பத்திரத்துல ஒரு பேரு, ஊருக்குள்ள ஒரு பேரு. உனக்குப் பொழுது விடிஞ்சுரும்.

"செத்துட்டு தாத்தா"ங்கே. எது செத்துச்சு? கவுத்துப் போட்டுப் பாரு, வயித்துல செவப்பு வெளிச்சம் பளிச்சுன்னு எரியுது. அப்போ கரண்டு போய்ச் சேந்துட்டு. கரண்டு சேந்தா பேச்சும் சேந்துரும்னு உனக்கு எவன் சொன்னான்? அந்த உருண்டைப் பின்னுல ஆறு ஊசி இருக்கு. வேலை பாக்கது நாலுதான். ஒண்ணு அஞ்சு வோல்ட்டு, ஒண்ணு கிரவுண்டு, ஒண்ணு தாளம் போடுத கிளாக்கு, ஒண்ணு சேதி போற லைனு. வெளிச்சம் எரியதுக்கு மொத ரெண்டும் போதும். உன் சண்டையெல்லாம் பெறத்த ரெண்டோட.

இதுல நடக்க கூத்து வேற ஒண்ணுமில்லை, நம்ம ஊரு வீடுகள்ல தீவாளிக்குத் தீவாளி நடக்க கூத்துதான். கோவிச்சுக்கிட்டுப் போன மாப்பிள்ளை திரும்பி வந்து வாசல்ல நிக்காரு. ஒரே ஒரு தடவை தொண்டையைச் செருமுதாரு. "வாங்க மாப்பிள்ளை, உள்ள வாங்க, என்ன சேதி"ன்னு யாராவது கேட்டாத்தான் வாயைத் தொறப்பாரு. கேக்காம பேசினா கவுரவம் என்னாகுது? அடுப்படியில மிக்சி ஓடுது, மாமியாருக்குச் செருமல் கேக்கலை. மாமனாரு டிவியில செய்தி பாக்காரு. மாப்பிள்ளை நின்ன எடத்துலயே நிக்காரு. உள்ள இருக்கவாளோ, "போன மனுசன் இன்னும் வரலியே"ன்னு கண்ணைத் தொடைக்காவ. இப்போ நீ செய்யுத வேலை என்ன தெரியுமா? மாப்பிள்ளையைக் கூப்பிடாம வீட்டை இடிச்சுக் கட்டுதே. வீடு கட்டி முடிச்சுப் பால் காய்ச்சும்போது எல்லாரையும் வரிசையாக் கூப்பிடுவாவல்லா, அதுல அவரும் உள்ள வந்துருதாரு. "பாத்தியா தாத்தா, ரீஸ்டார்ட் பண்ணேன், சரியாயிட்டு"ன்னு சிரிக்கே.

வேணும்னா கணக்காவே சொல்லுதேன், கேளு. 1987-ல ஐபிஎம் கம்பெனி பிஎஸ்/2-ன்னு ஒரு கம்ப்யூட்டரை விட்டான். இந்த உருண்டைப் பின்னு அதோட வந்ததுதான். அந்தக் கம்ப்யூட்டரு எங்கயோ காயலாங்கடைக்குப் போயிட்டு, பின்னு மட்டும் அதே பேரைச் சொல்லிக்கிட்டு உன் கடை வரைக்கும் வந்து நிக்குது. அதுல மவுசுக்குன்னு ஒரு மரியாதை எழுதி வச்சிருக்கான். கரண்டு வந்ததும் தன்னைத் தானே ஒரு தடவை சோதிச்சுக்கிடணும். அரை விநாடி ஆகும். எல்லாம் சரின்னா 'ஏஏ'ன்னு ஒண்ணு அனுப்பணும். கம்ப்யூட்டர்காரன் பதினாறு பதினாறா எண்ணுத கணக்கு அது. நம்ம கணக்குல 170. அடுத்தாப்புல, 'நான் சாதா மவுசு'ங்கதுக்கு ஒரு சைபர். முடிஞ்சுது செருமல். அதுக்கு மேல நீ மேசையே தேயத் தேய இழுத்தாலும் ஒரு வார்த்தை பேசாது. விநாடிக்கு 100 தடவை சேதி சொல்லத் தயாராத்தான் நிக்கும். ஆனா உள்ள இருந்து 'எஃப்4'ன்னு உத்தரவு வரணும். 'இனி பேசலாம்'ங்கதுதான் அதுக்கு அர்த்தம். வந்துச்சுன்னா 'எஃப்ஏ'ன்னு தலையாட்டிட்டுப் பேச ஆரம்பிக்கும். வரலியா, நீ கடையைப் பூட்டிச் சாவியை இடுப்புல சொருகுத வரைக்கும் அப்பிடியே நிக்கும்.

பழைய பொட்டிகள்ல அந்த உத்தரவு பொட்டி எழும்பும்போது ஒரே ஒரு தடவைதான் போகும். நடுவுல ஒருத்தன் மேசைக்கடியில பூந்து புடுங்குவான், ஊதுவான், திரும்பச் சொருகுவான்னு அதைச் செஞ்சவன் நெனைக்கலை. ஓடுத பொட்டியில இந்தப் பின்னைக் கழத்தவே கூடாதுங்கதுதான் அவன் சட்டம். சும்மா பயங்காட்டலை. அந்த அஞ்சு வோல்ட்டு லைனுக்குப் போர்டுல பொடிசா ஒரு ஃபியூசை வச்சுப் பத்த வச்சிருப்பான். கோணலாச் சொருகி ஒரு ஊசி மத்ததைத் தொட்டுச்சுன்னா ஃபியூசு போகும். நெறைய போர்டுல கீபோர்டுக்கும் அதே ஃபியூசுதான். பெறகு எலியும் இல்லை, தட்டச்சும் இல்லை. கடை வாசல்ல நீ டீத்தூளு விக்கலாம்.

இதுக்கும் மூத்த மவுசு ஒண்ணு இருந்துச்சு, சீரியல் போர்ட்டுக்காரன். ரெண்டு பக்கமும் திருகாணி போட்டு இறுக்கிருவாவ. உன்னை மாதிரி ஆளுக்கு ஸ்க்ரூ டிரைவரு இல்லாமப் புடுங்க முடியாது. அவனுக்குத் தனியாக் கரண்டு லைனே கெடையாது, சேதி லைன்ல வர்றதையே கொஞ்சம் நக்கிக் குடிச்சுப் பொழைச்சான். பொட்டி அந்த லைனைத் தட்டி எழுப்பினா 'எம்'ன்னு ஒரே ஒரு எழுத்து சொல்லுவான். மைக்ரோசாப்டு வகையறான்னு அடையாளம். நல்ல கொணமான பய, போயிட்டான்.

சரி, "இது லினக்சு தாத்தா, அதெல்லாம் தானாப் பாத்துக்கிடும்"ங்கே. பாத்துக்கிடும். உன் மூலைப் பொட்டியில ஓடுதது நம்ம சென்னையில சி-டாக்குக்காரங்க ஆக்கின பாஸு. அதுக்குள்ள பிஎஸ்மவுஸ்னு ஒரு டிரைவரு உக்காந்துருக்கான். அவன் வேலையே வாசல்ல காதை வச்சுக்கிட்டு இருக்கது. 'ஏஏ' வந்து அடுத்தாப்புலயே சைபரு வந்துச்சுன்னா, "அடடா, மாப்பிள்ளை திரும்பி வந்துட்டாரு"ன்னு ஓடிப் போயி, பேரு ஊரு கேட்டு, 'எஃப்4' சொல்லி உள்ள கூட்டியாந்துருவான். இதுல ஒரு நுணுக்கம் இருக்கு. 'ஏஏ'ங்கது பேச்சுக்கு நடுவுலயும் வரலாம். வலது பட்டனை அமுக்கிக்கிட்டு மவுசை வேகமா ஒரு பக்கம் இழுத்தா, மொத எழுத்து 'ஏஏ'ன்னு அமையக்கூடிய கணக்கு ஒண்ணு இருக்கு. அதனால அவன் மொத எழுத்தைக் கேட்டதும் குதிக்க மாட்டான். ரெண்டாவதும் வரட்டும்னு பொறுத்து, சைபருன்னா மட்டும் வாசலுக்கு ஓடுவான். நிதானம் உள்ள பய. உன்னை வேலைக்கு வச்சதுக்குப் பதிலா அவனை வச்சிருக்கலாம்.

அம்புட்டு நிதானமான ஆளு இருந்தும் உன் மவுசு ஏன் நிக்குது? ரெண்டு பொட்டிக்கும் ஒரே மவுசு, ஒரே கீபோர்டுன்னு காசை மிச்சம் பிடிச்சு நடுவுல ஒரு ஸ்விட்சு பொட்டியை வச்சிருக்கேல்லா, கேவிஎம்முன்னு? அதான் தரகரு. மாப்பிள்ளை செருமுதது தரகரு காதுல விழுது. அவரு வீட்டுக்குள்ள போயி, "மாப்பிள்ளை இங்கனதான் இருக்காரு, எங்கயும் போகலை"ன்னு மழுப்பிருதாரு. எந்தப் பொட்டியும் தன் மவுசு போயிட்டுன்னு பதறக் கூடாதுங்கது அவரு தொழிலு. நல்ல எண்ணந்தான். ஆனா மாப்பிள்ளை நெசமாவே போயிட்டுத் திரும்பியிருக்காருங்க சேதியும் அதோட சேந்து அமுங்கிருது.

இதை விடக் கேவலமா ஒண்ணு நடக்கும். நேத்து சாயங்காலம் அம்பு தானா மூலைக்குப் பாயுது, தொடாமலே மெனு தொறக்குதுன்னு நீ ஆன்டிவைரஸை ஓட விட்டியே. வைரஸ் தேடி ராத்திரி வரைக்கும் உக்காந்துருந்தே. நான் வாயைத் தொறக்கலை, வேடிக்கை நல்லா இருந்துச்சு. இப்போ சொல்லுதேன். ஆதியில மவுசு ஒரு அசைவுக்கு மூணு எழுத்து அனுப்பும்: பட்டன் கணக்கு ஒண்ணு, கெடக்கை ஒண்ணு, நெட்டுக்குத்து ஒண்ணு. 1996-ல மைக்ரோசாப்டு இன்டெல்லிமவுஸ்னு நடுவுல உருளை வச்சுக் கொண்டாந்தான். உருளைக் கணக்கைச் சொல்ல நாலாவது எழுத்து வேணும். ஆனா எடுத்த எடுப்புல நாலு அனுப்பினா பழைய பொட்டிக்குப் புரியாதே? அதுக்கு ஒரு ரகசியத் தட்டு வச்சான். 'விநாடிக்கு 200 தடவை பேசு', 'இல்லை 100 தடவை', 'இல்லையில்லை 80 தடவை'ன்னு வரிசையா மூணு உத்தரவு குடுத்துட்டு, 'உன் பேரு என்ன'ன்னு கேக்கணும். வெவரம் தெரியாத மவுசு 'சைபரு'ன்னு சொல்லும். உருளை மவுசு 'ஓகோ, நம்மாளு'ன்னு புரிஞ்சுக்கிட்டு '3'ன்னு சொல்லும். அன்னையில இருந்து நாலு நாலா அனுப்பும். எம்புட்டு குசும்பு பாரு! வேகத்தை மாத்தச் சொல்லுத மாதிரி நடிச்சு உள்ள ஒரு சேதி பேசிருக்கான். எனக்கு ரொம்பப் புடிச்ச எடம் இது.

இப்போ நீ புடுங்கிச் சொருகுதே. மவுசுக்கு அந்த ரகசியமெல்லாம் மறந்துட்டு, பழையபடி மூணு எழுத்துக்காரனா நிக்குது. தரகரு அவசரத்துல வெறும் 'எஃப்4' மட்டும் சொல்லி விட்டுருதாரு. அது மூணு மூணாப் பேசுது, பொட்டி நாலு நாலாக் கேக்குது. ஒவ்வொரு வாக்கியத்துலயும் அடுத்த வாக்கியத்தோட மொத வார்த்தையைச் சேத்துக் கேட்டா என்ன வெளங்கும்? கெடக்கைக் கணக்கைப் பட்டன்னு எடுத்துக்கிடும், பட்டனை நெட்டுக்குத்துன்னு எடுத்துக்கிடும். அம்பு மூலைக்கு ஓடாம வேற எங்க ஓடும்? பிஎஸ்மவுஸ் இதுக்கும் ஒரு வழி வச்சிருக்கான். மொத எழுத்துல ஒரு எடத்துல எப்பவும் ஒண்ணுதான் இருக்கணும்னு சட்டம். அது தப்பினா 'தாளம் தப்பிட்டு, ஒரு எழுத்தைத் தூக்கிப் போடுதேன்'ன்னு தன் நோட்டுல எழுதி வைப்பான். தொடர்ந்து தப்பிச்சுன்னா மவுசை மறுபடி ஆதியில இருந்து கூப்பிடுவான். அந்த நோட்டை 'டிமெஸ்க்'ன்னு அடிச்சா பாக்கலாம். நீ பாத்துருக்க மாட்டே. வைரஸ் தேடுதவனுக்கு நோட்டுப் பாக்க ஏது நேரம்?

வைத்தியம் சொல்லட்டா? கீபோர்டு உசுரோட இருக்குல்லா, கன்ட்ரோல், ஆல்ட், டி அமுக்கி டெர்மினலைத் தொற. சூடோ போட்டு 'மோட்ப்ரோப் மைனஸ் ஆர் பிஎஸ்மவுஸ்'னு ஒரு வரி, அடுத்தாப்புல மைனஸ் ஆர் இல்லாம அதே வரி. டிரைவரை வெளிய அனுப்பித் திரும்பக் கூப்பிடுதே. அவன் உள்ள வரும்போதே வாசல்ல நிக்க மாப்பிள்ளையையும் கையைப் பிடிச்சுக் கூட்டியாந்துருவான். அந்தம்மா விண்ணப்பம் அப்பிடியே இருக்கும். தரகரு தொந்தரவு தாங்க முடியலைன்னா, டிரைவருக்கு 'புரோட்டோ ஈக்வல்ஸ் பேர்'னு சொல்லி வச்சிரு. உருளை வேலை செய்யாது, மூணு எழுத்தோட காலம் போகும். பட்டா நகல் எடுக்கதுக்கு உருளை என்னத்துக்கு?

"எதுக்கு இந்தத் தலைவலி, யூஎஸ்பி வாங்கிருவோம்"ங்கே. வாங்கு. அதைச் செஞ்சவங்க புடுங்குவான், சொருகுவான்னு தெரிஞ்சே செஞ்சாவ. இன்டெல் கம்பெனியில அந்தக் கூட்டத்துக்கு முன்ன நின்னவரு அஜய் பட்டுன்னு நம்ம நாட்டுக்காரரு, பரோடாவுல படிச்சவரு. 1996-ல சட்டம் வெளிய வந்துச்சு. அந்தத் தட்டைப் பின்னுக்குள்ள எட்டிப் பாரு. ஓரத்துல இருக்க ரெண்டு தகடும் நீளம், நடுவுல உள்ள ரெண்டும் கட்டை. ஓரம் கரண்டு, நடு சேதி. சொருகும்போது கரண்டு மொதல்ல தொடும், சேதி பெறகு தொடும். புடுங்கும்போது சேதி மொதல்ல விடும், கரண்டு பெறகு. வாயை மூடிட்டுத்தான் விளக்கை அணைக்கணும்னு தகட்டு நீளத்துலயே சொல்லிட்டான். நான் கம்பத்துல நின்னு எத்தனையோ இணைப்புக் குடுத்துருக்கேன், இந்த மாதிரி ஒரு சுத்தமான வேலையைப் பாத்தா கையெடுத்துக் கும்பிடத் தோணுது.

இந்த மாப்பிள்ளை செருமுதவரு இல்லை, பெல்லை அமுக்கிட்டுக் கையை எடுக்காம நிக்கவரு. மவுசுக்குள்ள ஒரு 1.5 கிலோ ஓம் ரெசிஸ்டரு இருக்கு. ரெண்டு சேதி லைன்ல ஒண்ணை அது மேல தூக்கிப் பிடிச்சுக்கிடும். எந்த லைனைத் தூக்குதோ அதுல இருந்தே வந்தவன் மெதுவான ஆளா வேகமான ஆளான்னு தெரிஞ்சுரும். மவுசு மெதுவான சாதி. லைனு தூக்கி நின்னா ஆளு வந்துருக்கு, எறங்கினா போயாச்சு. உள்ள இருக்கவன் தூங்க முடியாது. அதுக்காக ஒடனே கதவைத் தொறக்கவும் மாட்டான். நீ கைநடுங்கச் சொருகும்போது தகடு தொட்டுத் தொட்டு விடும்லா, அது அடங்கட்டும்னு ஒரு 100 மில்லி விநாடி பொறுப்பான். பெறகு குளிப்பாட்டி, 1-ல இருந்து 127-க்குள்ள ஒரு வீட்டு நம்பரு குடுத்து, எந்தக் கம்பெனி, என்ன மாடல், என்ன தொழிலுன்னு கேட்டு, தகுந்த டிரைவரோட உக்கார வைப்பான்.

ஆனா மொத நாள் விருந்து நல்லா நடக்கலை. 1998 ஏப்ரல்ல சிகாகோவுல பெரிய கண்காட்சி. பில் கேட்ஸு மேடையில நிக்காரு. விண்டோஸ் 98-ல சொருகின ஒடனே வேலை செய்யும் பாருங்கன்னு காட்ட, கூட நின்ன பய ஒரு ஸ்கேனரைச் சொருகுதான். திரை நீலமாப் போயிட்டு! கூடத்துல இருந்த அம்புட்டுப் பேரும் கைதட்டிச் சிரிச்சாவ. கேட்ஸும் சிரிச்சாரு. இன்னும் நாங்க இதை விக்காம இருக்கது இதுக்காகத்தான் போலன்னு ஒரு போடு போட்டாரு. அன்னைக்கு உலகத்துப் பெரிய பணக்காரனா இருந்தவருக்கே அப்பிடி. நீ சுவத்தைப் பாத்துத் திரும்பி நின்னு அழ வேண்டாம்.

ஒண்ணு சொல்ல விட்டுட்டேன். கடைக்காரன் பச்சை நெறத்துல ஒரு மூடி குடுப்பான், யூஎஸ்பி மவுசை உருண்டை ஓட்டையில மாட்டதுக்கு. அதுக்குள்ள மூளை ஒண்ணும் கெடையாது, நாலு ஒயரை இங்கேருந்து அங்கே இழுத்திருக்கான், அம்புட்டுதான். மவுசுக்கே ரெண்டு பாசையும் தெரிஞ்சிருந்தாத்தான் அது செல்லும். இப்போ வர்ற பலதுக்கு ஒரு பாசைதான் தெரியும். மூடியை மாட்டிட்டு "மவுசு மோசம்"னு கடையில போயிச் சண்டை போடாதே. பழகின கடை.

சரி, யூஎஸ்பி மாட்டியாச்சு, புடுங்கியாச்சு, சொருகியாச்சு. கெர்னலு கண்டுபிடிச்சுட்டு. ஆனாலும் பழைய லினக்சுகள்ல அம்பு அசையாது. இது எதனாலன்னு கேளு. வாசல்ல வரவேற்பு நல்லாத்தான் நடந்துருக்கும். ஆனா மாப்பிள்ளைக்குன்னு 'ஈவென்ட் 3'ன்னு ஒரு நாற்காலி போட்டிருந்தாவ. போயிட்டு வந்தவருக்கு 'ஈவென்ட் 7' கெடைச்சிருக்கு. மாமியா, அதான் திரையை வரையுத எக்ஸு சர்வரு, இன்னும் மூணாம் நாற்காலியையே பாத்துக்கிட்டு, "ஏன் பேச மாட்டேங்காரு"ன்னு கேட்டுக்கிட்டு இருக்கு. அவரு ஏழுல உக்காந்து தொண்டை கிழியப் பேசுதாரு. அதுக்கு கெர்னல்காரங்க 'டெவ் இன்புட் மைஸ்'னு ஒரு பொதுத் திண்ணை கட்டினாவ. எந்த மவுசு வந்து பேசினாலும் அந்தத் திண்ணையில கேக்கும். ஆளு இல்லாட்டியும் திண்ணை அங்கனதான் இருக்கும். எக்ஸோட அமைப்புக் கோப்புல நாற்காலி நம்பரை அடிச்சிட்டுத் திண்ணையை எழுதி வை, எத்தனை தடவை புடுங்கினாலும் கவலையில்லைன்னு கொஞ்ச காலம் ஓடிச்சு. ஆனா திண்ணையில இருந்து வர்ற குரல்ல எது யாரோடதுன்னு பிரிக்க முடியாது. ஒரு மவுசுக்கு ஒரு வேகம், இன்னொண்ணுக்கு வேறன்னா நடக்காது. 2007-ல எக்ஸு சர்வரு 1.4 வந்து, போறவன் வர்றவனைத் தானே விசாரிக்கப் பழகிச்சு. ஹால்னு ஒரு ஆளைக் கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டுது. 2010-ல 1.8-ல அந்த ஆளை அனுப்பிட்டு யுதெவ் கிட்ட நேரா கேக்க ஆரம்பிச்சுது. இப்போ உன் பொட்டியில நடக்கது அதான்.

அப்பிடின்னா உனக்கு இன்னும் என்ன கொறை? சொல்லுதேன். உன் கடைக்கு எழுத வர்ற அந்த மூக்குக்கண்ணாடிக்காரரு இடது கைக்காரரு. அவருக்காக நீ 'எக்ஸ்இன்புட்'ன்னு ஒரு கட்டளை போட்டு இடது வலதை மாத்தி வைக்கே. மவுசு ஒரு தடவை கழண்டு மாட்டினதும் பழையபடி ஆயிருது. அவரு வலதுல தட்டினா மெனு விழுது. "உம்ம கை சரியில்லை வே"ன்னு அவருகிட்டயே சொல்லுதே! பாவி. நீ மாத்தினது அன்னைக்கு வந்து உக்காந்த அந்த மவுசு மாப்பிள்ளைக்கு மட்டும். அவரு எந்திரிச்சுப் போனதும் அந்த ஏற்பாடும் போச்சு. திரும்பி வந்தவரு பொட்டி கணக்குல புது ஆளு. கட்டளையைத் தலைமாட்டுல ஒட்டி வச்சு ஒவ்வொரு தடவையும் அடிக்கதை விட்டுட்டு, 'எக்ஸார்க் டாட் கான்ஃப் டாட் டி'ங்க அடைவுல ஒரு பொடிக் கோப்பு எழுது. 'இன்புட்கிளாஸ்'னு தலைப்புப் போட்டு, அம்பை நகட்டுத சாதனம் எது வந்தாலும் இடது வலதை மாத்துன்னு வகையைச் சொல்லி வை, ஆளைச் சொல்லாதே. அந்த வசதியும் அதே 1.8-ல வந்ததுதான். க்னோமு மாதிரி மேசைச் சூழல்ல அமைப்புச் சன்னல்லயே ஒரு டிக்கு போட்டா, ஒவ்வொரு வரவுக்கும் அதுவே திரும்பப் போட்டுரும். உனக்குச் சன்னலு புடிக்காது, கறுப்புத் திரையில எழுத்து ஓடினாத்தான் மாப்ளைமாருக்கு முன்னால கெத்துன்னு நெனைப்பு. ஒரு தடவை எழுது, சாவுத வரைக்கும் கெத்தா இரு.

அந்தப் பக்கத்துல தனியா யூஎஸ்பி மவுசோட இருக்க விண்டோஸ் பொட்டிக்கு வா. அதுல யாரும் கழத்தவே இல்லை, இருந்தும் மவுசு அப்பப்போ உறங்கிப் போகுதுங்கே. உன் சிக்கனந்தான் காரணம். டிவைஸ் மேனேஜர்ல யூஎஸ்பி ரூட் ஹப்புன்னு ஒண்ணு இருக்கும். அதோட பவர் மேனேஜ்மென்ட் பக்கத்துல, கரண்டை மிச்சப்படுத்த இதை அணைச்சுக்கலாம்னு ஒரு டிக்கு இருக்கும், எடுத்துரு. லினக்சுலயும் 'பவர்டாப்'னு ஒண்ணை எவனோ சொன்னான்னு 'எல்லாத்தையும் சரி பண்ணு'ன்னு ஓட விட்டே. அது மவுசையும் சேத்துத்தான் உறங்க வைக்கும். ரெண்டு விநாடி சும்மா இருந்தா தூங்கிரும், நீ உலுக்கினா எழும்பும், இல்லாட்டி பட்டனைத் தட்டு. லைன்மேன் கணக்குச் சொல்லுதேன் கேட்டுக்கோ: கூடிப் போனா 100 மில்லி ஆம்பியரு, அஞ்சு வோல்ட்டு, பெருக்கினா அரை வாட்டு. தலைக்கு மேல ஏசி 1,500 வாட்டுல ஓடுது, கதவு தொறந்து கெடக்கு, நீ மவுசுகிட்ட அரை வாட்டு மிச்சம் பிடிக்கே. ஈபிக்காரன் வந்தா உன் காலுல விழுவான்.

மவுசு இல்லாத நேரத்துல கையைப் பிசையாதே. விண்டோஸ்ல இடது ஆல்ட், இடது ஷிஃப்ட், நம்லாக், மூணையும் சேத்து அமுக்கு. நம்பர் கட்டையே மவுசா மாறிரும். 8 மேல, 2 கீழ, 4 இடது, 6 வலது, 5 தட்டுனா கிளிக்கு. மெதுவாத்தான் போகும், ஆனா போகும். விண்டோஸ் பட்டனையும் எக்ஸையும் அமுக்கி, பெறகு எம்மை அமுக்கினா டிவைஸ் மேனேஜரு தொறக்கும். அங்கன ஆக்சன் மெனுவுல 'ஸ்கேன் ஃபார் ஹார்ட்வேர் சேஞ்சஸ்'னு இருக்கு பாரு. அது உள்ள இருக்கவங்களை வாசலுக்கு விரட்டுத கட்டளை. "யாராவது வந்து நிக்காவளான்னு போய்ப் பாருங்கலே"ன்னு அர்த்தம்.

இம்புட்டையும் கேட்டுட்டு ஒரு கேள்வி நீ கேட்டிருக்கணும். கேக்கலை. மவுசு வாரத்துக்கு ரெண்டு தடவை ஏன் வாசலுக்குப் போகுது? ஓட்டை லூசா, பின்னு துருவா, தரகரு கள்ளனா? நான் இங்கன பெஞ்சுல உக்காந்து வெத்தலை மடிக்கும்போதெல்லாம் பாக்கேன். நீ பிரிண்டர்ல பேப்பரு எடுக்க, எந்திரிக்கச் சோம்பல்பட்டு, சக்கர நாற்காலியோட பெறத்த உருளுதே. அந்த இடது பின் சக்கரம் மவுசு ஒயரு மேல ஏறி எறங்குது. ஒயரோட தோலு ஒரு எடத்துல வெளுத்துப் போயிருக்கு, குனிஞ்சு பாரு. உள்ள செம்பு அறுந்தும் அறாமலும் கெடக்கு. நீ முன்ன உருண்டா தொடுது, பெறத்த உருண்டா விடுது. எந்த டிரைவரும் அதுக்கு ஒண்ணும் பண்ண முடியாது. நாளைக்குப் புது மவுசு வாங்கும்போது அந்த ஒயரைத் தூக்கி மேசைக்கு மேல போட ரெண்டு கிளிப்பும் சேத்து வாங்கிக்கோ. பழைய மவுசைத் தூக்கிப் போடாதே, எங்கிட்ட குடு. அறுந்த எடத்தை வெட்டி ஒட்டித் தாரேன். காசு வேண்டாம், கொட்டப்பாக்கு வாங்கிக் குடு.